மேடையும் பந்திஷும்: பால கந்தர்வரின் நாடக இசை வாழ்வு – ஒரு மதிப்பீடு

1. முன்னுரை

சாஸ்திரிய இசையில் முறையான பயிற்சி பெற்ற பாடகர் ஒருவர் நாடக மேடையைத் தம் வாழ்க்கைத் தொழிலாகக் கொள்ளும்போது, அவரைப் பற்றி இருவகை மதிப்பீடுகள் எழுவது இந்திய மொழிகள் பலவற்றிலும் காணப்படும் ஒன்றாகும். கச்சேரி மேடைக்கு உரிய குரல் நாடகக் கொட்டகையில் வீணாயிற்று என இசை அறிஞர் வருந்துவர். பாட்டின் மிகுதியால் நாடகம் தன் வடிவை இழந்தது என நாடக அறிஞர் குறை கூறுவர். இவ்விரு கூற்றுகளும் ஒன்றுக்கொன்று முரணானவை போலத் தோன்றினும் இவற்றின் அடிப்படை ஒன்றே. இசை, நாடகம் என்னும் இரண்டையும் தனித்தனிக் கலைகளாகக் கொண்டு, ஒன்று மற்றொன்றுக்கு எவ்வளவு விட்டுக்கொடுத்தது என்று கணக்கிடும் நோக்கே அது.

மராட்டிய இசை நாடக உலகில் 'பால கந்தர்வர்' எனப் புகழ்பெற்ற நாராயண் ஸ்ரீபாத ராஜ்ஹன்ஸின் (1888–1967) கலை வாழ்வு இந்நோக்கின் போதாமையைத் தெளிவாகக் காட்டுகிறது. அவர் பெற்ற இசைப் பயிற்சி மேடையில் எவ்வாறு பயன்பட்டது, அப்பயன் எந்நிலையில் தடைப்பட்டது என்னும் இரு வினாக்களை இக்கட்டுரை ஆராய்கிறது. சாஸ்திரியப் பயிற்சி அவருக்கு வழங்கிய பெருஞ்செல்வம் விரிவாற்றல் அன்று, அளவறியும் ஆற்றலே என்பதும், அந்த அளவை வரையறுக்கும் உரிமை நாடகத்தின் கையிலிருந்து அவையின் கைக்கு மாறியபோதே அவருடைய கலையில் நெருக்கடி தோன்றிற்று என்பதும் இக்கட்டுரையின் கருத்தாகும்.

2. அவர் வந்து சேர்ந்த மரபு

மராட்டிய நாடகத்தின் தொடக்கம் 1843இல் சாங்லியில் விஷ்ணுதாஸ் பாவே அரங்கேற்றிய 'சீதா சுயம்வரம்' எனக் கொள்வது வழக்கு. அந்நாடகங்களில் பாடும் பொறுப்பு பெரும்பாலும் சூத்திரதாரரிடமே இருந்தது. பாத்திரங்கள் தத்தம் பாடல்களைத் தாமே பாடும் முறையை நிலைநிறுத்தியவர் அண்ணாசாகேப் கிர்லோஸ்கர் (1843–1885). அவருடைய 'சங்கீத சாகுந்தலம்' 1880இலும், 'சங்கீத சௌபத்ரம்' 1882இலும் அரங்கேறின. சௌபத்ரத்தில் முதலில் இடம்பெற்ற பாடல்கள் நூற்றுக்கும் மேற்பட்டவை. கீர்த்தனைக்காரர்களின் மெட்டுகள், சாகி, திண்டி போன்ற யாப்பு வகைகள், லாவணிச் சாயல், கன்னட நாட்டு மெட்டுகள் முதலியன அவற்றில் கலந்திருந்தன. கதையை நகர்த்துவதற்குப் பயன்பட்ட இப்பாடல்கள் அளவில் சிறியவை. கேட்டவுடன் பொருள் விளங்குபவை.

இந்நாடகங்களில் பெண் வேடம் பூண்டு பெரும்புகழ் பெற்றவர் பாவுராவ் கோல்ஹட்கர். 1901இல் அவர் மறைந்தபின் கிர்லோஸ்கர் நாடக மண்டலி நல்ல குரலொன்றைத் தேடிக்கொண்டிருந்தது. திலகரால் 'பால கந்தர்வர்' எனப் பாராட்டப்பெற்றார் என்று வழங்கும் இளைஞர் ராஜ்ஹன்ஸ் 1905இல் அம்மண்டலியில் சேர்ந்து சகுந்தலையாக நடிக்கத் தொடங்கினார். அவருடைய வருகைக்கு முன்னரே நாடகத்தில் பாட்டுக்குத் தலைமையிடம் அமைந்துவிட்டது என்பதை இங்கு மனத்திற் கொள்ளுதல் வேண்டும். நாடகத்தைப் பாட்டு விழுங்கிற்று என்னும் குற்றச்சாட்டை அவர் ஒருவர்மீதே சுமத்துதல் வரலாற்றுக்குப் பொருந்தாது.

3. குருவின் வரலாறு

பால கந்தர்வருக்கு இசை கற்பித்தவர்களுள் முதன்மையானவர் பாஸ்கர்புவா பக்லே (1869–1922). அவருடைய வரலாறே நாடகத்திற்கும் சாஸ்திரிய இசைக்கும் இடையிலிருந்த உறவை விளக்கப் போதுமானது. பக்லே சிறுவயதில் கிர்லோஸ்கர் மண்டலியில் பாடி நடித்தவர். பருவ மாற்றத்தால் குரல் உடைந்தபோது மேடையில் அவருக்கிருந்த மதிப்பும் போயிற்று. அதன்பின்னரே அவர் கடும் இசைப் பயிற்சியில் இறங்கினார். பரோடாவில் ஃபைஸ் முகம்மது கானிடம் குவாலியர் முறையையும், நத்தன் கானிடம் ஆக்ரா முறையையும், அல்லாதியா கானிடம் ஜெய்ப்பூர் முறையையும் பயின்றார். ஒரே கரானாவுக்குள் அடங்கி நின்ற அக்காலத்துப் பாடகர்களிடையே மூன்று முறைகளையும் முறையாகக் கற்றுத் தேர்ந்தவர் என்னும் பெருமை அவருக்கு உண்டு. புனேயில் அவர் நிறுவிய பாரத் காயன் சமாஜ் இசையைப் பொதுமக்களுக்கும் கற்பிக்கும் நோக்குடையது.

மேடையால் கைவிடப்பட்டு இசைக்குச் சென்ற ஒருவர், பின்னர் மேடைக்கே இசையைக் கொண்டுவந்து சேர்த்தார் என்பது இவ்வரலாற்றின் சுருக்கம். ஆகவே நாடகத்தை இசைக்குப் பகையான ஒன்றாக அவர் கருதியதில்லை. பால கந்தர்வருக்கு அவர் அளித்த பயிற்சியும், மேடையின் தேவை இன்னது என்பதை அறிந்த ஒருவர் அளித்த பயிற்சியாகவே அமைந்தது. குருவின் மற்றொரு மாணவரான மாஸ்டர் கிருஷ்ணராவ் புலம்பிரிக்கர் பிற்காலத்தில் கந்தர்வ மண்டலியின் நாடகங்களுக்கு இசையமைத்தார் என்பதும் இத்தொடர்ச்சியை உறுதிசெய்யும்.

4. பந்திஷிலிருந்து நாடகப் பாடலுக்கு

மராட்டிய நாடக இசையில் பெருந்திருப்பம் 1911இல் அரங்கேறிய 'மானாபமானம்' நாடகத்தால் நேர்ந்தது. அதன் ஆசிரியர் கிருஷ்ணாஜி பிரபாகர் காடில்கர், திலகரின் அரசியல் தோழர். அவர் எழுதிய 'கீசக வதம்' ஆங்கில அரசால் 1910இல் தடைசெய்யப்பட்டது. அதனை அடுத்தே அவர் இசை நாடகங்களின் பக்கம் திரும்பினார். மானாபமானத்திற்கு இசையமைத்த கோவிந்தராவ் டேம்பே ஆர்மோனிய வித்தகர். கயால், தும்ரி ஆகிய வடிவங்களில் வழங்கிய பந்திஷ்களை நேரே எடுத்து மராட்டிப் பாடல்களுக்கு மெட்டாக்கியது அவருடைய புதுமை. (பந்திஷ் என்பது கயாலில் இராக விரிவுக்கு அடிப்படையாக நிற்கும் சிறுபாடல்.) நாயகி பாமினியாகப் பால கந்தர்வர் நடித்தார். அரங்கேற்ற நாளன்றே அவருடைய பெண்குழந்தை இறந்ததும், அவர் அன்றிரவு மேடையேறியதும் அவர் வரலாற்றில் தவறாது குறிக்கப்பெறும் செய்திகள்.

1913இல் அவர் டேம்பே, கணபதிராவ் போடஸ் ஆகியோருடன் சேர்ந்து கந்தர்வ நாடக மண்டலியைத் தொடங்கினார். 1916இல் அரங்கேறிய காடில்கரின் 'சுயம்வரம்' நாடகத்திற்குக் குருவான பக்லேயே இசையமைத்தார். யமன், பிஹாக், பீம்பலாஸ் முதலிய பேரிராகங்கள் ருக்மிணியின் பாடல்களாக மேடையேறின. யமன் நம் கல்யாணிக்கும், பீம்பலாஸ் நம் ஆபேரிக்கும் நெருங்கியவை என்பது தமிழ் வாசகர் அறிந்ததே. அரசவைகளிலும் செல்வர் இல்லங்களிலும் மட்டுமே கேட்கக் கிடைத்த இசை, நுழைவுச் சீட்டு வாங்கிய எவரும் கேட்கும் இசையாயிற்று. தபலா மேதை அகமது ஜான் திரக்வாவும் சாரங்கிக் கலைஞர் காதர்பக்ஷும் நாடக மண்டலியில் ஊதியம் பெறும் பக்கவாத்தியக்காரர்களாக இருந்தனர் என்பதிலிருந்து அம்மேடையின் இசைத்தரத்தை உய்த்துணரலாம்.

5. சொல்லும் சுரமும்

இம்மாற்றம் மொழியளவில் ஒரு கடுமையான சிக்கலைத் தோற்றுவித்தது. நாடக இசை பற்றிய ஆய்வுகள் இதற்கு உரிய இடத்தை எப்போதும் அளித்துள்ளன எனக் கூற இயலாது. பந்திஷ்களின் மொழி பெரும்பாலும் பிரஜ பாஷை. அதன் சொற்களில் மெய்ம்மயக்கங்கள் கரைந்து எளிமையடைந்திருக்கும். நெடிலுயிர்கள் மிகுதியாக வரும். பாடகர் ஒரு நெடிலைப் பற்றிக்கொண்டு சுரங்களை விரித்துச் செல்லலாம். அவ்வாறு விரிக்கையில் சொல்லின் பொருள் மறைந்தாலும் கயாலுக்குக் குறைவில்லை. அங்குச் சொல் இராகத்தைத் தாங்கும் கொம்பு மட்டுமே.

காடில்கரின் பாடல்களோ வடமொழித் தொகைச்சொற்கள் மலிந்தவை, ஒற்றுகள் அடர்ந்தவை. ஆயத்தமான மெட்டுக்கு அளவெடுத்து எழுதியமையால் தொடரமைப்பிலும் இறுக்கம் உடையவை. மேலும் மேடையில் பாடுவது ஒரு பாத்திரம். அதன் சொல் எதிரே நிற்கும் பாத்திரத்தையும் கடைசி வரிசையில் அமர்ந்திருப்பவரையும் சென்று சேர்ந்தாக வேண்டும். கயால் சொல்லைக் கரைக்கும் இயல்புடையது. நாடகமோ சொல்லைக் காக்கும் கடப்பாடுடையது. இவ்விரண்டையும் ஒரே மூச்சில் நிறைவேற்றுவதே மேடைப் பாடகருக்கு நேர்ந்த சோதனை.

பால கந்தர்வர் இதற்குக் கண்ட தீர்வை அவருடைய இசைத்தட்டுகளிலிருந்து இன்றும் அறியலாம். அதில் மூன்று கூறுகள் தெளிவாகப் புலப்படுகின்றன. முதலாவது, ஒவ்வொரு தொடரையும் முதலில் சிதைவின்றி, பேச்சின் ஏற்ற இறக்கங்களோடு முழுமையாகச் சொல்லிவிடுதல். பொருள் சென்று சேர்ந்த பின்னரே அணிகள் தொடங்குகின்றன. இரண்டாவது, தான் எனப்படும் சுரக்கோவைகளைக் குறுகியனவாக அமைத்து, சொல்லின் இறுதி நெடிலில் தொடங்கித் தாளத்தின் சமத்திற்குள் முடித்துவிடுதல். மூன்றாவது, தும்ரியில் வழங்கும் முறையைத் தழுவி, பல்லவியின் ஒரே சொல்லைப் பலமுறை பாடும்போது ஒவ்வொரு முறையும் அழுத்தத்தை இடம்மாற்றி வைத்தல். இம்மூன்றாவது முறையில் கெஞ்சல், நாணம், ஊடல் என உணர்ச்சி மாறுகிறது, இராகம் மாறுவதில்லை.

இம்மூன்றனுள் எதுவும் பயிற்சியற்ற இனிய குரலால் மட்டும் இயலக்கூடியதன்று. இரண்டு மாத்திரை இடைவெளியில் ஓர் இராகத்தின் வடிவைக் காட்ட வேண்டுமாயின், அதனை இரண்டு மணிநேரம் விரிக்கத் தெரிந்திருக்க வேண்டும். எதனை விடலாம் என்பது முழுவதையும் அறிந்தவருக்கே தெரியும். கச்சேரிப் பாடகர் தம் கல்வியை விரித்துக் காட்டுகிறார். பால கந்தர்வர் அதனைச் சுருக்கிக் காட்டினார். ஏறத்தாழ மூன்று நிமிடமே ஓடும் பழைய இசைத்தட்டில் அவர் பாடல்கள் குறையுடையனவாகத் தோன்றாமைக்கும் இதுவே காரணம். கச்சேரிக் குரல் வீணாயிற்று என்னும் மதிப்பீடு இச்சான்றின்முன் நிற்கவியலாது.

1919இல் அரங்கேறிய 'ஏகச் பியாலா' (ஒரே ஒரு கோப்பை) இத்திறனின் உச்சம் எனலாம். இதன் ஆசிரியர் ராம் கணேஷ் கட்கரி அரங்கேற்றத்திற்குச் சில வாரங்கள் முன்னரே மறைந்தார். பாடல்களை எழுதியவர் வி.சீ. குர்ஜர். மெட்டுகள் சிலவற்றிற்குச் சுந்தராபாய் ஜாதவின் துணை கிடைத்தது. குடியால் அழியும் வழக்கறிஞர் சுதாகரின் மனைவி சிந்துவாகப் பால கந்தர்வர் நடித்தார். அரசகுமாரி ருக்மிணியின் பேரிராகங்கள் இங்குப் பொருந்தா. வறுமையுற்ற இல்லத்தரசியின் வாயில் கஜல், தாத்ரா போன்ற எளிய வடிவங்களே இயல்பாக அமையும் என்று கண்டு, அவ்வாறே மெட்டுகள் தேர்ந்தெடுக்கப்பட்டன. பாத்திரத்தின் நிலைக்கேற்ப இசை வடிவைத் தேர்ந்த இச்செயல், அவரிடம் நாடக உணர்வு இல்லை என்பாருக்குத் தக்க மறுப்பாகும்.

6. 'ஒன்ஸ்மோர்'

இவ்வாறு பாத்திரத்தையும் சொல்லையும் அளவுகோலாகக் கொண்டு அமைந்த கலை எங்குத் தடம் புரண்டது? அதற்கான விடை அவையில் இருக்கிறது. பாடல் முடிந்தவுடன் 'ஒன்ஸ்மோர்' எனும் குரல் எழுதலும், நடிகர் அதே பாடலை மீண்டும் மீண்டும் பாடுதலும் அக்கால மேடை வழக்கம். தமிழ் நாடக மேடையும் இவ்வழக்கத்தை நன்கறியும். இரவில் தொடங்கிய நாடகங்கள் விடியும்வரை நீண்டன.

மீண்டும் பாடும்போது என்ன நிகழ்கிறது என்பதை நுணுகி நோக்குதல் வேண்டும். முதன்முறை பாடுகையில் பாடலின் நீளத்தை வரையறுப்பது காட்சி. எதிரே நிற்கும் பாத்திரம் விடை கூறக் காத்திருக்கிறது. இரண்டாம் முறை பாடுகையில் காட்சி நின்றுவிட்டது. எதிரே நிற்பவர் வெறும் சாட்சியாகிறார். நீளத்தை வரையறுப்பது கைதட்டல். முன்னர்ப் பாடியதையே பாடினால் அவை நிறைவடையாது. புதிய சுரக்கோவைகள் வேண்டும். கயால் பயிற்சி பெற்றவருக்கு அவற்றிற்குப் பஞ்சமில்லை. எந்தக் கல்வி முதன்முறை சுருக்கத்திற்குத் துணை நின்றதோ, அதே கல்வி மறுமுறை விரிவுக்குத் தூண்டுகோலாயிற்று.

1921ஆம் ஆண்டு சூலை 8ஆம் நாள் பம்பாயில் திலகர் சுயராஜ்ய நிதிக்காக நடைபெற்ற 'சம்யுக்த மானாபமானம்' இதன் பெருஞ்சான்று. லலித கலாதர்ஷ் மண்டலியின் தலைவர் கேசவராவ் போஸ்லே தைரியதரனாகவும், பால கந்தர்வர் பாமினியாகவும் ஒரே மேடையில் தோன்றினர். நாட்டுப் பணிக்காக இரு போட்டி மண்டலிகள் இணைந்த அந்நிகழ்ச்சி மராட்டிய நாடக வரலாற்றில் பெருமைக்குரியது. ஆயினும் காதலர் இருவர் பாடும் நாடகத்தை இரு குரல்களின் போட்டியாகவே அவை கண்டது. நாடகம் போட்டிக்குரிய களமாயிற்று. அவ்வாண்டு அக்டோபரிலேயே போஸ்லே காலமானார்.

7. ஒரு குரலைச் சுற்றிய நிறுவனம்

அவையின் விருப்பத்திற்கு இணங்குவது கலைஞரின் மனநிலையை மட்டும் பொறுத்ததன்று; பொருளாதாரமும் அதில் அடங்கியுள்ளது. கந்தர்வ மண்டலி பட்டுச் சேலைகள், மெய்யான அணிகலன்கள், நறுமணம், விலையுயர்ந்த திரைகள் என மேடைக்குத் தாராளமாகச் செலவிட்டது. அவர் உடுத்திய முறையையும் பூச்சூடிய முறையையும் குடும்பப் பெண்கள் பின்பற்றினர். பெண்கள் மேடையேறுதல் இழிவெனக் கருதப்பட்ட சமுதாயத்தில், ஓர் ஆண்மகன் பெண்மையின் இலக்கணமாகக் கொள்ளப்பட்டார் என்பது அக்காலத்தின் முரண்.

செலவு வரவை மீறியது. பங்காளிகளாயிருந்த டேம்பேயும் போடஸும் அடுத்தடுத்து விலகினர். 1920களில் நிறுவனம் பெருங்கடனில் ஆழ்ந்தது. பால கந்தர்வர் கடனை ஏற்றுப் பல்லாண்டு பாடி உழைத்தே அதனைத் தீர்த்தார். அனைவருடைய ஊதியமும் ஒருவர் குரலைச் சார்ந்திருக்கும் நிறுவனத்தில் அக்குரல் 'போதும்' என்று நிறுத்திக்கொள்ளுதல் எளிதன்று. நாற்பது வயதைக் கடந்த பின்னரும் இளமங்கை வேடத்தை விட இயலாமைக்கும் இதுவே காரணம் எனலாம்.

பேசும் படம் வந்து நாடகத்தை அழித்தது என்பது பொதுவாகக் கூறப்படும் காரணம். அது பொய்யன்று, ஆயினும் முழு உண்மையுமன்று. 1935இல் பிரபாத் நிறுவனத்தின் 'தர்மாத்மா' படத்தில் சந்த் ஏகநாதராக அவர் நடித்தார். அந்த ஆண் வேடம் மேடைப் புகழை அவருக்கு மீட்டுத் தரவில்லை. 1930களின் இறுதியில் கௌஹர் கர்நாடகி மண்டலியில் சேர்ந்து பெண் வேடங்களை ஏற்றபோது, அவருடைய கலைக்கு அடிப்படையாயிருந்த பெண்வேட மரபே முடிவுக்கு வந்தது. திரைப்படம் வருவதற்கு முன்னரே நாடகம் ஒருவரின் கச்சேரியாகிவிட்டிருந்தது. கச்சேரியைக் கேட்பதற்குக் கொட்டகையும் திரைச்சீலையும் தேவையில்லை என்பதைத் திரைப்படமும் வானொலியும் இசைத்தட்டும் பின்னர் உணர்த்தின.

8. சவாயி கந்தர்வர்: ஓர் ஒப்பீடு

இதே காலத்தில் இதே மேடைக்கு வந்த மற்றொருவரை ஒப்புநோக்குதல் பயன்தரும். தார்வாட் பகுதியைச் சேர்ந்த ராம்பாவு குந்த்கோல்கர் (1886–1952), கிரானா முறையின் முதல்வராகப் போற்றப்படும் அப்துல் கரீம் கானின் மாணவர். அப்துல் கரீம் கான் தென்னக இசையிலும் ஈடுபாடு கொண்டவர். 1937இல் புதுச்சேரிக்குச் செல்லும் வழியில் சிங்கப்பெருமாள் கோவில் இரயில் நிலையத்தில் உயிர்துறந்தவர். தம் மாணவர் நாடகத்திற்குச் சென்றதை அவர் விரும்பவில்லை. மேடையில் மாணவர் பெற்ற பட்டம் 'சவாயி கந்தர்வர்' என்பது. 'சவாயி' என்றால் ஒன்றேகால். பால கந்தர்வரினும் காற்பங்கு மேல் என்பது அதன் குறிப்பு.

சவாயி கந்தர்வர் மேடையை விட்டுக் கச்சேரிக்குத் திரும்பினார். கங்குபாய் ஹங்கல், பீம்சேன் ஜோஷி, ஃபிரோஸ் தஸ்தூர் ஆகியோரை உருவாக்கினார். அவர் பெயரால் 1953 முதல் புனேயில் இசைவிழா நடைபெறுகிறது. அவர் வரலாற்றை எழுதுவோர் நாடக ஆண்டுகளை வழிதவறிய காலமாக விரைந்து கடந்துவிடுவர். பால கந்தர்வருக்கோ இசை மாணவர் வரிசை என ஒன்று அவ்வாறு அமையவில்லை. மாணவர் பரம்பரையே இசைப் பெருமைக்கு அளவுகோல் எனில் சவாயி கந்தர்வரே வென்றவர். எனினும் ஒரு குரல், மாணவர் வழியாக மட்டுமே வாழ்வதில்லை. கயால் மரபில் தனக்கென ஒரு வழி கண்ட குமார் கந்தர்வர் 1960களில் 'தாம் உணர்ந்த பால கந்தர்வர்' என்னும் பொருளில் நாடகப் பாடல்களை ஒரு தனி இசை நிகழ்ச்சியாகவே அளித்தார். கச்சேரி மேடையின் முதல்வரிசைப் பாடகர் ஒருவர் நாடகப் பாடலிடம் கற்கச் சென்றார் என்பது கருதத்தக்கது.

9. முடிவுரை

இந்திய அரசின் சங்கீத நாடக அகாதெமி 1955இல் பால கந்தர்வருக்கு விருது வழங்கியபோது அதனை நடிப்புப் பிரிவில் வழங்கியது. 1964இல் பத்ம பூஷண் விருதும் கிடைத்தது. இசைக்கா நடிப்புக்கா என்று பிரித்தே மதிக்க வேண்டிய நிலையை அவ்விருதுப் பகுப்பும் காட்டுகிறது. அவருடைய சாதனை இவ்விரண்டும் சந்திக்கும் இடத்தில், அஃதாவது ஒரு சொல் பேச்சிலிருந்து சுரமாக மாறும் நொடியில் இருக்கிறது. அந்நொடியை அளக்கும் கருவி கச்சேரித் திறனாய்விலும் இல்லை; நாடகத் திறனாய்விலும் இல்லை.

தமிழ் மேடையின் எஸ்.ஜி. கிட்டப்பா (1906–1933), கே.பி. சுந்தராம்பாள் (1908–1980) ஆகியோரைப் பற்றிய எழுத்துகளிலும் இக்குறை உண்டு. எட்டுக்கட்டை சுருதியும் பிருகாக்களின் வேகமும் அங்கே வியந்து பேசப்படுகின்றன. அப்பாடல் எந்தக் காட்சியில், எந்தச் சொல்லின்மேல் நின்றது என்னும் வினா அரிதாகவே எழுப்பப்படுகிறது. கிட்டப்பாவின் பயிற்சி முறை பால கந்தர்வருடையதினும் வேறானது. எனவே ஒருவருக்குக் கண்ட முடிவை மற்றவர்க்கு அப்படியே பொருத்தலாகாது. ஆயினும் வினா பொதுவானதே.

பால கந்தர்வரின் வாழ்வு உணர்த்தும் செய்தி இதுவே: சாஸ்திரிய இசை நாடக மேடையில் தாழ்வுறுவதில்லை, தன் அளவை நாடகத்திடமிருந்து பெறும்வரை அது அங்கே புதியதொரு நுட்பத்தை எய்துகிறது. அளவு அவையின் கைக்கு மாறும்போது இசை இழப்பதினும் நாடகம் மிகுதியாக இழக்கிறது. நாடகம் அழிந்தபின் அந்த இசையும் தன் காட்சியை இழந்து, தனிப்பாடலாக மட்டும் எஞ்சுகிறது. இன்று நாடகப் பாடல்கள் கச்சேரிகளின் இறுதியில் பாடப்படுகின்றன. ருக்மிணி யாரிடம் பேசினாள், சிந்து எதற்காக வருந்தினாள் என்பதை அறியாமலே அவற்றைச் சுவைக்க முடிகிறது. அது அவ்விசையின் வலிமைக்குச் சான்று. அதனைப் பெற்றெடுத்த அரங்கின் இழப்புக்கும் அதுவே சான்று.